தமார் வெளியே இருந்தாள்

தாலெத் என்ற எழுத்துக்கும் ரேஷ் என்ற எழுத்துக்கும் ஒரு மூலைதான் வித்தியாசம். மேல்கோடு பக்கக்கோட்டைத் தாண்டி ஒரு நெல்முனை அளவு நீட்டிக்கொண்டிருந்தால் தாலெத், வளைந்து இறங்கிவிட்டால் ரேஷ். இதை வெள்ளைப்பலகையில் மூன்றாவது முறையாக எழுதிக் காட்டியபோது கோமதிக்கு ரகரமும் துணைக்காலும் ஞாபகத்துக்கு வந்தன. சங்கரன்கோவிலில் ஒன்றாம் வகுப்பில் அவளும் இரண்டையும் மாற்றி எழுதியவள்தான், ரகரத்துக்கு வால் உண்டு, காலுக்கு வால் கிடையாது என்று சொல்லிக்கொடுத்தது யாரென்றுகூட இப்போது நினைவில்லை, வால் மட்டும் மிச்சம். கிளீவ்லேண்டின் புறநகர் ஒன்றில், யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்றின் தரைத்தளத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு ஒன்பது குழந்தைகளுக்கு ஹீப்ரு எழுத்தும் தொழுகை வரிகளும் கற்றுக்கொடுக்கிற நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு ஒரு தமிழெழுத்தின் வாலால் என்ன பிரயோசனம் என்று கேட்டால் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் இந்த எழுத்துகளை முப்பத்தொரு வயதில், ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சிலில் தமிழில் எழுதிவைத்துக் கற்றவள் அவள் ஒருத்திதான். ஏரனைக் கல்யாணம் பண்ணிக்கொள்வதற்காகத் தொடங்கியது, பிறகு கல்யாணத்துக்குத் தேவையான அளவைத் தாண்டிப் போய்விட்டது. பிறந்ததிலிருந்தே தெரிந்தவர்களுக்கு எங்கே தடுக்கும் என்று தெரியாது, உனக்குத் தெரியும், அதனால் நீதான் சின்னவர்களுக்கு எடுக்கவேண்டும் என்று பள்ளிப் பொறுப்பாளர் பெனினா சொன்னாள். ஆறு வருஷமாகிறது. குழந்தைகளுக்கு அவள் மோரா கோமதி. மோரா என்றால் ஆசிரியை. இன்றைக்கு எடுத்துக்கொண்டது காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே சொல்கிற வரி. மோதா அனி, நன்றி சொல்கிறேன் நான், பையன்கள் மோதே என்று சொல்லவேண்டும், என் உயிரை இரக்கத்தோடு எனக்குத் திருப்பித் தந்தாயே என்று. தமார் எழுந்து வாசித்தாள். எட்டு வயது, முன்பல் ஒன்று பாதி முளைத்தது, வரியின் கீழே விரலை வைத்து விரலைவிட மெதுவாக வாசிப்பவள். அவள் பெயரை முதல் நாள் வருகைப்பதிவில் பார்த்தபோது தமர் என்று தமிழில் வாசித்து, தன் சொந்தக்காரர்கள், வேண்டியவர்கள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டாள் கோமதி, யாரிடமும் சொல்லவில்லை. தமார் தாலெத்தை ரேஷ் என்று வாசித்தாள். மோதா அனி மோரா அனி ஆயிற்று. நான் ஆசிரியை. யோனா என்ற பையன்தான் முதலில் சிரித்தான், பிறகு எல்லோரும், "தமார் மோரா! தமார் மோரா!" என்று. சிரிக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே கோமதியும் சிரித்தாள். சிரிப்பென்று சொல்லமுடியாது, உதட்டின் ஒரு பக்கம், ஆனால் தமார் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்தாள். "மோரா, பாத்ரூம் போகணும்" என்றாள். போ என்று கோமதி தலையசைத்தாள். கதவு தானாக மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அதற்கப்புறம் இரண்டு நிமிடம் இருக்கும், மூன்றுகூட இருக்கலாம். ஒலிபெருக்கி கரகரத்து, "கதவுகளைப் பூட்டுங்கள். கதவுகளைப் பூட்டுங்கள். கதவுகளைப் பூட்டுங்கள்" என்று மூன்று முறை சொல்லிவிட்டு நின்றது. வழக்கமாக அதற்கு முன்னால் "இது பயிற்சி" என்று வரும். வருஷத்துக்கு மூன்று தடவை பயிற்சி. இந்த நாட்டில் இந்த மாதிரிக் கூடங்களுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் வந்திருக்கிறார்கள், அதனால் தீ விபத்துக்குப் பழகுவதுபோல இதற்கும் பழக்குகிறார்கள். இன்று அந்தச் சொல் வரவில்லை. அல்லது வந்து தனக்குத்தான் கேட்கவில்லையா. கை தானாக வேலை செய்தது, சாவி, விளக்கு, கதவிலிருந்த குறுகிய கண்ணாடியின் மேல் கறுப்புத் தாள். பிள்ளைகளும் தானாகவே போய்ப் பலகைக்குக் கீழே சுவரோரமாக உட்கார்ந்தார்கள், முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயில் விரல் வைத்து, பாட்டுக்கு அபிநயம் பிடிப்பதுபோல அவ்வளவு நேர்த்தியாக. எட்டு என்று எண்ணினாள். மறுபடி எண்ணினாள். எட்டு. ஒன்பது வரும்வரை எண்ணலாம் போலிருந்தது.

இருட்டென்று சொல்லமுடியாது, ஜன்னல் திரையின் ஓரத்தில் நவம்பர் வெளிச்சம் சாம்பலாக ஒழுகியது. அதில் யோனாவின் காலணி மட்டும், அடியில் சிவப்பு விளக்கு வைத்த காலணி, அவன் அசையும்போதெல்லாம் மின்னியது. அசையாதே என்று சைகை செய்தாள். பெண்களுக்கான பாத்ரூம் நடையின் கடைசியில், அங்கேயும் உள்ளே தாழ்ப்பாள் உண்டு, தமார் அங்கேயே இருப்பாள், புத்திசாலிக் குழந்தை, பாத்ரூமில் இருந்தால் பாத்ரூமிலேயே பூட்டிக்கொள்ளவேண்டும் என்று அக்டோபரில் சொன்னேனே. சொன்னேனா. அக்டோபரில் தமாருக்குக் காய்ச்சல் என்று வரவில்லையோ. பயிற்சியாகத்தான் இருக்கும். நிஜமாக இருந்தால் இவ்வளவு அமைதியாக இருக்குமா. ஆனால் நிஜமும் முதல் சில நிமிடங்கள் அமைதியாகத்தான் இருக்கும் என்று பயிற்சி கொடுக்க வந்த போலீஸ்காரர் சொன்னார், பெரிய மீசை, கையில் பேப்பர் கப்பில் காபி, அந்தக் காபியைக் கீழே வைக்காமலே எல்லாவற்றையும் சொன்னார். பூட்டிய பிறகு யார் தட்டினாலும் திறக்காதீர்கள். தெரிந்த குரலாக இருந்தாலும். அழுகிற குரலாக இருந்தாலும். குழந்தையின் குரலாக இருந்தாலும், அந்தக் குழந்தைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எங்களிடம் சாவி இருக்கிறது, நாங்கள் வந்து திறப்போம். அப்போது பின்வரிசையிலிருந்து யாரோ, குழந்தையின் குரலாக இருந்தாலுமா என்று கேட்டார்கள். யார் கேட்டது. தான் கேட்கவில்லை என்பது கோமதிக்கு நன்றாக ஞாபகமிருந்தது. தான் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள், அடிக்கோடும் போட்டாள். மகள் இனியா மேல்மாடியில் பெரிய பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறாள், பதினொரு வயது, அவளுடைய மோரா வாட்டசாட்டமானவள், கதவைப் பூட்டியிருப்பாள். நேற்று இனியா, அம்மா, எனக்கு ஞாயிற்றுக்கிழமையே பிடிக்கல என்று சொன்னது இந்த மாதிரிக் காரணத்துக்காக இல்லை, தூக்கத்துக்காக.

அப்போது தட்டினாள். இரண்டு தட்டு, சின்ன விரல்முட்டியால். "மோரா. நான்தான். தமார்."

எட்டுத் தலைகளும் கதவுப் பக்கம் திரும்பவில்லை, அவள் பக்கம் திரும்பின. நான்தான். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், பெயருக்கு முன்னால் நான்தான், அதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்பதுபோல. சார், நான்தான் சார், கதவைத் திறங்க சார். அந்தக் குரல் ஆண்குரல், மின்வாரியக் குடியிருப்பில், பிற்பகல் மூன்று மணி, அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஊரில் கலவரம், கடைகள் எல்லாம் அடைத்து, பஸ் ஓடாமல், தெருவில் நாய்கள் மட்டும். அப்பா நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்தபடி இருந்தார், தட்டும் சத்தம் வந்ததும் பேப்பரை இறக்கவில்லை, உதட்டில் ஒரு விரலை மட்டும் வைத்தார். அம்மா தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டாள். "யாருங்க அது?" என்று அம்மா வாயசைவில் கேட்டாள், அப்பா தெரியாது என்று தலையாட்டினார், ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது, பேப்பரின் ஓரம் நடுங்கிய விதத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது என்று கோமதி பார்த்தாள். தட்டுவது நின்றது. ஓடும் சத்தம், பல பேர் ஓடும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. சாயங்காலம் திறந்தபோது படியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது, வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. அம்மா அதைத் துடைப்பத்தால் சுவரோரமாகத் தள்ளினாள், மழைக்காலம் வரை அங்கேயே கிடந்தது. அந்த ஆள் யார், என்ன ஆனான், வீட்டில் யாரும் பேசவில்லை. இருபத்து மூன்று வயதில் வேறு ஏதோ சண்டையின் நடுவில் கேட்டாள், "அன்னைக்கு ஏம்ப்பா கதவைத் திறக்கல?" அப்பா யோசிக்கக்கூட இல்லை, பதினொரு வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்தவர்போல, "உள்ள நீங்க மூணு பேர் இருந்தீங்க" என்றார். கோழையின் கணக்கு என்று நினைத்தாள். இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. இப்போது அவர் இல்லை. எட்டு என்று எண்ணினாள் கோமதி, கதவிலிருந்து நான்கடி தூரத்தில், தரையில், கை சாவியைப் பிடித்திருக்க.

"மோரா?" மறுபடி இரண்டு தட்டு. இந்த முறை கொஞ்சம் மெல்ல. பாடம் நடக்கும்போது இடைஞ்சல் பண்ணுவதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல. அடினா என்ற குழந்தை காதோரம் வந்து, மூச்சாகவே, "மோரா, அது தமார்" என்றாள். தெரியும் என்று தலையசைத்தாள். குழந்தைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பின்னால் நடை நிற்கிறது, பச்சைச் சுவர் நிற்கிறது, தண்ணீர்க் குழாய் நிற்கிறது, வேறு யார். நான்கடி. எழுந்து, பூட்டைத் திருப்பி, ஒரு கை அகலம் திறந்து, இழுத்து, மறுபடி பூட்ட எத்தனை நொடி, நான்கு, ஐந்து, பூட்டு கொஞ்சம் இறுகல், ஆறு. ஆறு நொடிக்குள் என்ன நடக்கும், எல்லாம் நடக்கும், ஒன்றும் நடக்காது. இதுவே இனியாவாக இருந்தால். அந்தக் கேள்வியை நினைத்து முடிப்பதற்குள் பதில் வந்து உட்கார்ந்துவிட்டது, அதுதான் மோசம். இனியாவாக இருந்தால் கேள்வியே வந்திருக்காது, இந்நேரம் கதவு திறந்திருக்கும், எட்டுப் பேர் எட்டுப் பேர் என்று யாரும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டார்கள். அப்படியென்றால் இது விதியா, இல்லை தமார் என்பதால் மட்டும் விதியா. கால் மரத்துப்போயிருந்தது. உண்மையில் மரத்துப்போயிருந்ததா, எழுந்திருக்க முயன்றால்தானே தெரியும். சரி, இன்னொரு தடவை தட்டட்டும் என்று நினைத்தாள். இன்னொரு தடவை தட்டினால் திறந்துவிடுகிறேன். யாரிடம் இந்த ஒப்பந்தம் என்று தெரியவில்லை. காதைக் கூர்மையாக்கிக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் துணி உரசியது, ஒரு மூக்குறிஞ்சல், பிறகு ரப்பர் காலணியின் கீச்சொலி, ஒன்று, இன்னொன்று, தூரத்தில் மூன்றாவது. மூன்றாவது தட்டு வரவில்லை. அப்போது கோமதிக்குள் வந்தது நிம்மதி. அதை அவள் வேறு ஏதாவது பெயர் சொல்லிக் கூப்பிடப் பார்த்தாள், பயம், துக்கம், களைப்பு. எதுவும் பொருந்தவில்லை. தோள் இறங்கி, மூச்சு அடிவயிறு வரை போய்வந்தது. யோனாவின் காலணி சிவப்பாக மின்னியது, இப்போது அவனை அசையாதே என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து யாரோ வந்து கைப்பிடியை வெளியிலிருந்து பலமாக அழுத்திப் பார்த்தார்கள். ஒரு குழந்தை விக்கியது. கைப்பிடி இரண்டு முறை ஆடிவிட்டு நின்றது. பிறகு ஒலிபெருக்கி, "பயிற்சி முடிந்தது, எல்லோருக்கும் நன்றி" என்றது. பதினொரு நிமிடம் ஆகியிருந்தது என்று சுவர்க் கடிகாரம் சொன்னது. விளக்கைப் போட்டாள். பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், யோனா எனக்குப் பயமே இல்லை என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னான். கதவைத் திறந்தபோது பெனினா நின்றிருந்தாள், ஒரு கையில் வாக்கிடாக்கி, இன்னொரு கையில் தமார்.

"பிரமாதம் கோமதி. ரெண்டு வகுப்புல நான் ஆட்டினதுமே திறந்துட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் துளிகூட அசையல."

"பயிற்சின்னு சொல்லவே இல்லையே."

"சொன்னா யாரும் மனசு வச்சுப் பண்றதில்ல. அதான் இந்தத் தடவை சொல்லல." பெனினா தமாரின் தலையைத் தடவினாள். "இவளை நடையில பார்த்தேன், கூடவே கூட்டிட்டுச் சுத்தினேன். சமர்த்தா இருந்தா. ஒரு சாக்லேட் குடுத்தேன்."

தமார் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். கன்னத்தில் அழுத தடம் ஏதும் இருக்கிறதா என்று கோமதி தேடினாள், இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது, வாயோரம் சாக்லேட் மட்டும் நிச்சயமாக இருந்தது. துளிகூட அசையல என்பது பாராட்டுத்தான். அதை வீட்டில் ஏரனிடம் சொல்லலாம், அவன் பெருமைப்படுவான், சபாஷ் என்பான். அப்பாவை யாரும் பாராட்டவில்லை. மிச்சப் பாடம் இருபது நிமிடம், மோதா அனியை எல்லோரும் சேர்ந்து ராகத்தோடு சொன்னார்கள். இரக்கத்தோடு என்ற சொல்லுக்கு அப்புறம் ஒரு மூச்சு நிறுத்தவேண்டும், அடுத்த சொல்லோடு ஒட்டிவிடக்கூடாது, ஏன் மோரா, அப்படித்தான் மரபு, ஏன் மோரா. தெரியாது யோனா. தமாரின் வாய் அசைந்தது, குரல் வந்ததா என்று எட்டுக் குரலுக்கு நடுவில் பிரித்துக் கேட்கமுடியவில்லை. தனியாக வாசிக்கச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்து, அது யாருக்காக என்று அடுத்த கணம் நினைத்து, விட்டுவிட்டாள். குழந்தை மறந்துவிடும் என்று தோன்றியது. பன்னிரண்டு வயதில் ஒரு செருப்பைப் பார்த்தவளுக்கு அப்படித் தோன்றியது வேடிக்கைதான். மறக்காவிட்டாலும் என்ன, விதிப்படி நடந்தது, பொறுப்பாளரே சொல்லியாயிற்று. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாதவரை எல்லாக் கணக்கும் சரியாகத்தான் வரும், அப்பாவின் கணக்கும் வீட்டுக்குள் சரியாகத்தான் இருந்தது, அதை அவர் சுவரோரமாகத் தள்ளிவிட்டுப் பேப்பர் படித்தார், சாப்பிட்டார், பணி ஓய்வு பெற்றார். மணி அடித்தது. பிள்ளைகள் கோட்டுக்கு ஓடினார்கள். கோமதி தன் கோட்டை எடுக்காமலே அவர்களுக்குப் பின்னால் வெளியே போனாள்.

வண்டிகள் நிற்கிற இடத்தில் குளிரில் பல் கிட்டியது. இனியா படியிலேயே நின்று, "அம்மா, கோட்டு போடலையா?" என்று தமிழில் கத்தினாள். "உள்ள இரு கண்ணு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். தமாரின் அம்மா டாலியா, பல் மருத்துவர், எப்போதும் அவசரமாகவே இருப்பவள், காரின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மகளின் பையை வாங்கிக்கொண்டிருந்தாள். கோமதியைப் பார்த்துச் சிரித்தாள். "எப்படி வாசிக்கிறா? இன்னும் அந்த ரெண்டு எழுத்தும் குழப்பமா?"

சரியாகிவிடும் என்று சொல்லித் திரும்பிவிடலாம். அது பொய்யும் இல்லை.

"இன்னைக்குப் பயிற்சி நடந்தது. பயிற்சின்னு எங்களுக்குத் தெரியாது. தமார் பாத்ரூம் போயிருந்தா. திரும்பி வந்து கதவைத் தட்டினா, என்னைக் கூப்பிட்டா." தன் குரல் வருகைப்பதிவு வாசிப்பதுபோல இருந்தது, அதை மாற்ற அவளால் முடியவில்லை. "எனக்குக் கேட்டுது. அது தமார்னும் தெரிஞ்சுது. நான் திறக்கல."

டாலியாவின் முகத்தில் சிரிப்பு போகவேண்டிய இடம் தெரியாமல் கொஞ்சநேரம் நின்றது. பிறகு போயிற்று. மகளைப் பார்த்தாள்.

"ரெண்டு தடவைதாம்மா தட்டினேன்" என்றாள் தமார். அம்மாவைச் சமாதானப்படுத்துகிற குரல், கொஞ்சம் அவசரமான குரல். "சத்தமா தட்டல. இன்னொரு தடவை தட்டியிருந்தா மோரா திறந்திருப்பாங்க."

டாலியா நிமிர்ந்து கோமதியைப் பார்த்தாள். அப்படியா என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் மூன்று பேருக்கும் நல்லது, குழந்தைக்கு மிகவும் நல்லது. இன்னொரு தடவை தட்டினால் திறப்பதாகத்தானே இருந்தது. ஆனால் அந்தத் தட்டு வராதபோது வந்த மூச்சை அவள் மறக்கவில்லை, அது நெஞ்சில் இன்னும் சூடாகவே இருந்தது.

"தெரியல" என்றாள் கோமதி. "திறந்திருப்பேனான்னு எனக்கே தெரியல. ஆனா, தமார், நீ தட்டினதுல தப்பு ஒண்ணும் இல்ல. நீ தட்டினது நல்லாவே கேட்டுது."

தமார் யோசித்தாள். விரலை வைத்து வாசிக்கிறபோது வருகிற அதே முகம். டாலியா அவளைக் காரில் ஏற்றி, பெல்ட்டை மாட்டி, இழுத்துப் பார்த்து, கதவைச் சாத்தினாள். சாத்திய கதவின் மேல் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றாள். கோமதிக்குக் காது வலித்தது, கை விறைத்தது, போகலாமா என்று தெரியவில்லை, போகவில்லை.

"அடுத்த ஞாயிறு கூட்டிட்டு வருவேன்" என்றாள் டாலியா கடைசியில், காரைப் பார்த்தபடியே. "ஆனா நானும் வகுப்புல உட்காருவேன். கதவுகிட்ட."

"சரி" என்றாள் கோமதி. அங்கே எந்த நாற்காலியைப் போடுவது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கியிருந்தாள். அந்த அறையில் இருப்பவை எல்லாம் குழந்தைகளுக்கான நாற்காலிகள். மேல்மாடியிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியிருக்கும்.